தோட்டத்து ஊரில் மர அச்சுச் சந்திப்பு நடத்துவது எப்படி: செய்தித் தாளிலிருந்து கடைசிப் பொட்டலம் வரை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் மர அச்சு செய்பவர்கள் நாங்கள் 15 பேர் இருக்கிறோம். பலகையில் உளியால் படம் செதுக்கி, மை உருட்டி, தாளில் தேய்த்து எடுக்கிற வேலை. எங்களில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை உண்டு, நாற்காலித் தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்ப்பவர் உண்டு, 30 வருடம் ரப்பர் மரம் சீவிய அக்கா ஒருவர் உண்டு, ஈய எழுத்துக் காலத்தில் அச்சகத்தில் எழுத்துக் கோத்த ஐயா ஒருவரும் உண்டு. வருடம் முழுக்க அவரவர் வீட்டுப் போர்ச்சில் உட்கார்ந்து செதுக்குகிறோம். வருடத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் ஒரே மண்டபத்தில் கூடுகிறோம். மற்ற ஊர்க்காரர்கள் அதை எப்படி நடத்துகிறீர்கள் என்று கேட்கிறார்கள். ஆளாளுக்குக் குரல் பதிவில் சொன்னதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒன்று. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கலையை வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து கொடுக்க வேண்டியதில்லை. பால் மரம் சீவும்போது பட்டையை மெல்லிசாகச் சீவிக்கொண்டே வந்து, உள்ளே மரத்தைத் தொடுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் கத்தியை நிறுத்த வேண்டும். ஆழம் போனால் மரம் காயப்படும், மேலோட்டமாகப் போனால் பால் வராது. பலகையில் வி-உளி (வி வடிவ முனையுள்ள உளி) ஓட்டுவதற்கும் வேண்டியது அதே மணிக்கட்டுதான். எங்கள் அக்கா முதல்முறை உளியைப் பிடித்தபோது போட்ட கோடு, நான் மூன்று வருடம் பழகிப் போட்ட கோட்டைவிடச் சீராக இருந்தது. அந்தக் கைகளுக்கு வேலை கொடுப்பதற்காகத்தான் சந்திப்பு என்று நாங்கள் முடிவு செய்தோம். கீழே சொல்கிற ஏற்பாடுகள் எல்லாம் அந்த முடிவிலிருந்து வந்தவை.

படி 1: எத்தனை பேர்?

20 பேருக்கு மேல் வேண்டாம். ஆள் கூடினால் மேசை போதாது, உளி போதாது, பாதிப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். சின்னக் கூட்டம் என்று தயங்கவும் வேண்டாம். 1931 ஆகஸ்டில் ஷாங்காயில் எழுத்தாளர் லூ சுன் ஒரு மரச்செதுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். கற்பித்தவர் உச்சியாமா காகிச்சி என்ற ஜப்பானியர். லூ சுன் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார். வந்த மாணவர்கள் 13 பேர், வகுப்பு நடந்தது ஆறே நாள். சீனாவின் நவீன மரச்செதுக்கு இயக்கம் அங்கிருந்துதான் கிளம்பியது. அதன் அலை மலாயா, சிங்கப்பூர் வரைக்கும் வந்தது.

படி 2: செய்தித் தாள்

சந்திப்புக்கு நான்கு மாதம் முன்னால் முதல் செய்தித் தாளை அனுப்புங்கள். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. புலனத்தில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே தேதி தொலைந்துபோகும். பெரியவர்களில் பலருக்குக் கையில் பிடித்துப் படிக்கிற தாள் வேண்டும். ஒரு ஏ4 தாள், இரண்டு பக்கம். அதையே படமெடுத்துப் புலனத்திலும் போடுங்கள்.

அதில் என்ன எழுதுவது? யார் இப்போது என்ன செதுக்குகிறார்கள் என்பதை ஆளுக்கு இரண்டு வரி. நல்ல பலகை எங்கே கிடைத்தது, என்ன விலை. யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் விசேஷம். இவற்றைத்தான் எல்லாரும் முதலில் படிப்பார்கள். பிறகு வெளியுலகச் செய்தி ஒன்று. உதாரணமாக, ஜப்பானிய முறையில் நீர் மை கொண்டு மர அச்சு செய்பவர்களின் அனைத்துலக மொகுஹங்கா மாநாடு 2011இல் கியோத்தோவிலும் அவாஜித் தீவிலும் தொடங்கியது. பிறகு 2014இல் தோக்கியோ, 2017இல் ஹவாய், 2021இல் நாரா, 2024இல் எச்சிசென் என்று இடம் மாறி வந்திருக்கிறது. எச்சிசென் கைத்தாள் செய்கிற ஊர். இப்படி ஒரு பத்தி போட்டால், போர்ச்சில் தனியாக உட்கார்ந்து செதுக்குகிறவருக்குத் தன்னைப்போல் உலகம் முழுக்க ஆட்கள் இருப்பது தெரியும்.

நம் நாட்டுச் செய்தியும் வேண்டும். சபாவின் ரானாவில் 2010இல் தொடங்கிய பங்ரோக் சுலாப் குழுவைப் பற்றி எங்கள் முதல் இதழிலேயே எழுதினோம். பெரிய பலகையில் செதுக்கி, துணியை விரித்து, இசைக்கு ஏற்ப அதன்மேல் ஆடி மிதித்து அச்செடுக்கிறவர்கள் அவர்கள். அச்சு இயந்திரம் இல்லாமலேயே ஆள் உயரப் படம் எடுக்கலாம் என்று எங்களுக்குத் தெரிந்தது அவர்களால்தான். படி 8 முழுக்க அந்தக் கடன்.

தாளின் கடைசியில் கிழித்துக் கொடுக்கிற மாதிரி ஒரு துண்டு: பெயர், எத்தனை பேர் வருவார்கள், தங்க இடம் வேண்டுமா, எந்த உளிகள் கையில் இருக்கின்றன. உளிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். 12 பேர் வந்து மூன்று வி-உளிகள்தான் இருந்தால் அன்றைய பொழுது காத்திருப்பதிலேயே போய்விடும்.

படி 3: தேதியும் இடமும்

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பேராக் பக்கம் மதியத்துக்கு மேல் இடியோடு மழை கொட்டும். அந்த ஈரத்தில் எண்ணெய் மை காயவே காயாது. ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்டு வரை பரவாயில்லை. ஊர்க்கோயில் திருவிழா, பள்ளித் தேர்வு, நோன்பு மாதம் மூன்றையும் பார்த்து ஒரு சனி, ஞாயிறைக் குறியுங்கள். சுங்கை சிப்புட்டில் இடிஎஸ் என்கிற மின்ரயில் நிற்பதால் கோலாலம்பூர்க்காரர்கள் சனிக்கிழமை காலையில் ஏறி வந்துவிடலாம்.

இடத்துக்குத் தமிழ்ப்பள்ளி மண்டபம்தான் என் முதல் தேர்வு. தண்ணீர்க் குழாய், மேசை, மின்விசிறி, கழிப்பறை எல்லாம் இருக்கும். தலைமையாசிரியருக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் இரண்டு மாதம் முன்னால் கடிதம் கொடுங்கள். மை சிந்தினால் நாங்களே சுத்தம் செய்து தருவோம் என்று அதில் எழுதுங்கள். கோயில் மண்டபமும் நல்ல இடம். ஆனால் சமையல் சைவமாக இருக்க வேண்டும், துணியை மிதித்து அச்செடுப்பது அங்கே சரியா என்று நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஒருமுறை நாங்கள் கேட்காமல் இருந்துவிட்டு, கடைசி நேரத்தில் எல்லாவற்றையும் வெளியே வாகனம் நிறுத்துமிடத்துக்கு மாற்றினோம். வெயிலில் மை இளகிப்போய்க் கோடெல்லாம் அடைத்துக்கொண்டது.

படி 4: அச்சுப் பரிமாற்றம்

சந்திப்பின் முதுகெலும்பு இதுதான். ஒவ்வொருவரும் ஒரு படம் செதுக்கி, எல்லாருக்கும் ஒரு படி வீதம் அச்செடுத்துக் கொண்டுவர வேண்டும். போகும்போது எல்லாருடைய படத்திலும் ஒவ்வொன்று வீட்டுக்குப் போகும். இது இல்லாத வருடம் வெறும் பேச்சாகப் போனதைப் பார்த்திருக்கிறேன். இது இருந்தால் நான்கு மாதமும் எல்லார் வீட்டிலும் உளிச் சத்தம் கேட்கும்.

கணக்கு இப்படி. 15 பேர் என்றால் ஆளுக்கு 17 படிகள். 15 பரிமாற, ஒன்று மண்டபத்தில் மாட்ட, ஒன்று பள்ளி நூலகத்தில் சேர்க்க. மொத்தம் 255 தாள். 17 நல்ல படிகள் வேண்டுமானால் 22 தாளாவது தயாராக இருக்கட்டும். முதல் மூன்று நான்கு எப்போதும் வெளிறித்தான் வரும். பலகை மை குடித்த பிறகுதான் கருப்பு ஒழுங்காக இறங்கும்.

அளவைக் கண்டிப்பாக வையுங்கள். தாள் ஏ4, படம் 15க்கு 20 சென்டிமீட்டருக்குள். ஒருவர் பெரிதாகக் கொண்டுவந்தால் கட்டில் அடங்காது, ஓரம் மடங்கும். படத்துக்குக் கீழே பென்சிலால் இடப்பக்கம் படி எண், நடுவில் தலைப்பு, வலப்பக்கம் கையெழுத்தும் ஆண்டும். 3/17 என்றால் 17 படிகளில் மூன்றாவது. பால்பாயிண்ட் பேனா வேண்டவே வேண்டாம். அந்த மை வருடங்கள் போகப்போக மங்கும், தாளிலும் கசியும். பின்பக்கம் என்ன மரம், என்ன தாள், என்ன மை என்று எழுதச் சொல்லுங்கள். பிறகு பார்ப்பவர்களுக்கு அது ஒரு பாடம்.

தலைப்பு கொடுக்கும்போது குறுகலாகக் கொடுங்கள். ஒரு வருடம் 'தோட்டம்' என்று கொடுத்தோம். வந்ததில் பாதி வரிசையாக நிற்கிற மரங்கள். மறு வருடம் 'ஆயாக் கொட்டகை' என்றோம், அம்மாக்கள் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற இடம். ஏணையின் முடிச்சு வந்தது, பால் புட்டி வந்தது, அம்மா திரும்பி வருகிற வழியைப் பார்த்து நிற்கிற குழந்தையின் முதுகு வந்தது. அந்த முதுகைச் செதுக்கியவர் அதற்கு முன்னால் தன் சின்ன வயதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக் களம், பால் சுமக்கிற காண்டா வாளி, உறைந்த பாலைச் சேர்க்கிற ஒட்டுப்பால் சாக்கு, கித்தாக் (ரப்பர்) கொட்டை வெடிக்கிற சத்தம் என்று இன்னும் எத்தனையோ தலைப்புகள் காத்திருக்கின்றன. வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளை இடித்துச் செம்பனையும் தாமான் என்கிற வீடமைப்புப் பகுதியும் வந்துவிட்ட இடத்தில், இவற்றை நேரில் பார்த்த கண்கள் குறைந்துகொண்டே வருகின்றன. தலைப்பை அதற்காகவே யோசித்துப் போடுங்கள்.

படி 5: பலகை

நம் ஊரில் எல்லாரும் முதலில் கேட்பது, பால் மரத்திலேயே செதுக்கலாமா என்பதுதான். செதுக்கலாம். 25, 30 வருடம் பால் கொடுத்து முடிந்த மரத்தை வெட்டித்தான் மேசை நாற்காலி செய்கிறார்கள். வெளிர் நிறம், நடுத்தரக் கடினம். ஆனால் வெட்டிய சில நாட்களுக்குள் மருந்தேற்றிப் பதப்படுத்தாவிட்டால் நீலக் கறை பிடிக்கும், வண்டு துளைக்கும். ஆகவே கொல்லையில் விழுந்த மரத்தை அறுத்துக்கொண்டு வராதீர்கள். தொழிற்சாலையில் மிஞ்சிய பதப்படுத்திய துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். இன்னொரு எச்சரிக்கை: கடையில் கிடைக்கிற பால் மரப் பலகை பெரும்பாலும் சின்னத் துண்டுகளை விரல் கோத்தமாதிரி ஒட்டியது. துண்டுக்குத் துண்டு இழை ஓடும் திசை மாறும். ஒரு துண்டில் வெண்ணெய் மாதிரிப் போகிற உளி அடுத்த துண்டில் பிய்த்துக்கொள்ளும். தடித்த கோடும் பெரிய கருப்பும் உள்ள படத்துக்கு அது பொருந்தும், முகத்துக்குப் பொருந்தாது.

என் கைக்குப் பிடித்தது ஜெலுத்தோங். இலேசான மரம், நேரான இழை, எந்தப் பக்கமும் உளி தடையில்லாமல் போகும். அதன் பாலைத்தான் ஒரு காலத்தில் சூயிங்கம் செய்ய எடுத்தார்கள். பலகையில் அந்தப் பால்குழாயின் தடம் கண் மாதிரிச் சின்னப் பிளவாக அங்கங்கே தெரியும். அதை ஒதுக்கிப் படத்தை அமையுங்கள், இல்லையென்றால் பிளவையே படத்துக்குள் ஒரு இலையாக்கிக்கொள்ளுங்கள். இங்கே புலாய் என்கிற மரம் நம் ஏழிலைப்பாலையின் இனம். பள்ளிப் பலகை செய்யப் பயன்பட்டதால் அதன் தாவரவியல் பெயரிலேயே கல்வி என்கிற பொருள் இருக்கிறது. அதுவும் மென்மையானது.

கைக்கு எளிதில் கிடைப்பது ஹார்ட்வேர் கடைப் பிளைவுட். மேல்தோல் சிராய் சிராயாகப் பிய்யும். நீர்த்த ஷெல்லாக் (அரக்கு மெருகு) ஒரு கை பூசிக் காயவிட்டுச் செதுக்கினால் பெரிதும் அடங்கும். புதிதாக வருபவர்களுக்கு எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) கொடுக்கலாம். இழையே இல்லாததால் கை தடுமாறாது, ஆனால் தூசு மூக்குக்கு ஆகாது, முகக்கவசம் கட்டாயம். எந்தப் பலகையாக இருந்தாலும் செதுக்கும் முன் மேலே நீர்த்த கருமையைப் பூசிவிடுங்கள். செதுக்கிய இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிவதால் அச்சு எப்படி வரும் என்று கண்ணுக்கு முன்னமே தெரியும்.

உளியைத் தீட்டும் பொறுப்பை எங்கள் அக்கா எடுத்துக்கொண்டார். அவர் சொல்வது, "மழுங்கின கத்திதான் கையை வெட்டும், கூரான கத்தி மரத்தை வெட்டும்." 20 நிமிடத்துக்கு ஒருமுறை தோல்பட்டையில் நாலு இழுப்பு. கல்லில் தீட்டுவது அதற்கும் மேல் மழுங்கினால் மட்டும்.

படி 6: தமிழ் எழுத்தைச் செதுக்குவது

அச்சில் எல்லாம் இடம் வலமாக மாறும் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் எழுத்தில் தவறுவோம். மெல்லிய தாளில் எழுதி, தாளைத் திருப்பிப் பலகையில் ஒட்டிச் செதுக்குங்கள். நேரே பலகையில் தலைகீழாக எழுதிப் பார்க்க வேண்டாம். தமிழ் எழுத்தின் சிரமம் சுழிகளில் இருக்கிறது. ண, ன இரண்டிலும் சுழியின் எண்ணிக்கை முக்கியம். உள்வெளி சின்னதாக இருந்தால் மை நிரம்பி எல்லாமே ஒரே கருப்பு உருண்டையாகிவிடும். பிளைவுட்டில் எழுத்தின் உயரம் 2 சென்டிமீட்டருக்குக் குறைய வேண்டாம் என்பது எங்கள் அனுபவம். புள்ளிகளைக் கடைசியில் செதுக்குங்கள். தனியாக நிற்பதால் அவைதான் முதலில் தெறித்து உடையும்.

ஊரில் பழைய அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர் யாராவது இருந்தால் போய் அழைத்து வாருங்கள். எங்கள் ஐயா தலைகீழ் எழுத்தை நாம் நேரெழுத்துப் படிக்கிற வேகத்தில் படிப்பார். பலகையை அவர் கையில் கொடுத்து ஒரு பார்வை வாங்கிய பிறகுதான் எழுத்துக்கு உளி வைக்கிறோம்.

படி 7: தாள், மை, தேய்ப்பான்

கையால் தேய்த்து எடுப்பதற்கு மெல்லிய, நார் நீண்ட தாள் வேண்டும். ஜப்பானிய கோசோவும் தாய்லாந்தின் சா தாளும் மல்பெரி இனத்து மரப்பட்டையில் செய்பவை. சா தாள் நமக்குக் கட்டுப்படியாகும் விலை. தடித்த வரைதாளில் கரண்டியால் தேய்த்தால் தோள் வலிதான் மிஞ்சும்.

தேய்ப்பதற்கு ஜப்பானில் மூங்கில் மடல் போர்த்திய வட்டத் தட்டு ஒன்றை வைத்திருக்கிறார்கள். பெயர் பாரென். நம் காதுக்கு 'இங்கே பாரேன்' என்று கூப்பிடுவது போலவே கேட்கும், எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. அது இல்லாவிட்டால் மரக்கரண்டியின் முதுகு, அல்லது வழவழப்பாகத் தேய்த்த சிரட்டை. சிரட்டை உள்ளங்கைக்குள் அப்படியே பொருந்தும்.

மைக்கு எண்ணெய் மை நல்லது. சந்திப்புக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னால் பரிமாற்றப் படிகளை எடுத்துவிட வேண்டும், நம் ஈரக்காற்றில் காய அவ்வளவு நாள் பிடிக்கும். நீர் மை, அரிசிப் பசை, ஈரத்தாள் என்று ஜப்பானிய முறையில் செய்பவர்கள் ஈரமாக்கிய தாளை ஒரே நாளில் முடிக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக்கில் சுற்றிக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிடுங்கள், அடுத்த வாரம் எடுத்தாலும் அப்படியே இருக்கும்.

இரண்டு நிறம் அச்சிடுபவர்கள் பலகையிலேயே கெந்தோ என்கிற, தாளைப் பொருத்தும் குழிகளை வெட்டிக்கொள்ளுங்கள். கீழ் வலது மூலையில் ஒரு எல் வடிவக் குழி, அதே கீழ் விளிம்பில் இடப்பக்கமாக ஒரு நேர்க் குழி. தாளின் மூலையை முதலில் ஒன்றில் உட்காரவைத்து, பிறகு விளிம்பை மற்றதில் பொருத்தினால் இரண்டாவது நிறம் நகராது.

மை துடைக்க டர்பன்டைன் வேண்டாம், மண்டபமெல்லாம் நெடி. சமையல் செம்பனை எண்ணெயை ஊற்றித் துணியால் துடைத்து, பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு. அந்தத் துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளி விதை எண்ணெய் சேர்ந்த மை காயும்போது சூடு உண்டாகும், குவிந்து கிடக்கிற துணி தானாகவே தீப்பிடிக்கலாம். தண்ணீர் ஊற்றிய வாளியில் போட்டு மூடிவையுங்கள்.

படி 8: எல்லாரும் சேர்ந்து ஒரே துணி

4 அடிக்கு 8 அடிப் பிளைவுட் ஒன்று வாங்குங்கள். முழுப் படத்தையும் அதில் வரையுங்கள். இடம் வலம் மாற்றித்தான் வரைய வேண்டும். இதை மறந்தால் பிறகு திருத்தவே முடியாது. வரைந்து முடித்த பிறகுதான் அறுக்க வேண்டும், 2 அடிச் சதுரமாக எட்டுத் துண்டு. ரம்பம் ஓடுகிற இடத்தில் சில மில்லிமீட்டர் மரம் போய்விடும், ஆகவே துண்டுக்குத் துண்டு தாண்டுகிற கோடுகளைத் தடித்தே போடுங்கள். அறுத்தவுடன் பின்பக்கம் எண்ணும், மேல் எது என்று அம்புக்குறியும்.

சனிக்கிழமை காலை ஒவ்வொரு துண்டையும் இரண்டு பேருக்குக் கொடுங்கள். ஒருவர் பழகியவர், ஒருவர் புதியவர். மதியத்துக்கு மேலும் செதுக்கல். மாலை நான்கு மணிக்குத் தேநீர், அப்போது மரம் சீவியவர்கள், தோட்டத்தில் கணக்கு வேலை பார்த்த கிராணிமார்கள், ஆயாக் கொட்டகையில் இருந்தவர்கள் பேசட்டும். ஒலிபெருக்கி வேண்டாம், வட்டமாக உட்கார்ந்தால் போதும். பேச்சு ஓடும்போது கையில் உளி இருக்கலாம். எங்கள் அனுபவத்தில் கை வேலை செய்துகொண்டிருக்கும்போதுதான் பெரியவர்களுக்கு வாய் திறக்கிறது. மேடை போட்டு மைக் கொடுத்த வருடம் அதே ஆள் 'எல்லாருக்கும் வணக்கம்' என்பதைத் தாண்டவில்லை.

ஞாயிறு காலை அச்சு. தரையில் சுண்ணக்கட்டியால் எட்டுக் கட்டம் போட்டு எண் எழுதுங்கள். எட்டுக் குழுவும் ஒரே நேரத்தில் மை உருட்டி, பலகைகளைக் கட்டத்தில் பொருத்துங்கள். சுற்றிலும் மரச்சட்டம் வைத்து நெருக்கினால் நகராது. சாயமேற்றாத பருத்தித் துணி 3 மீட்டரை நான்கு பேர் நான்கு முனையில் பிடித்து, நடுப்பகுதியை முதலில் இறக்கி, பிறகு ஓரங்களை விடுங்கள். ஒருமுறை விழுந்த துணியை இழுத்துச் சரி செய்யப் பார்க்காதீர்கள், கோடு இரட்டையாகிவிடும். மேலே பழைய தாள், அதன்மேல் மெல்லிய போர்வை. காலுறையோடு ஏறி நடுவிலிருந்து வெளியே சின்னச் சின்ன அடியாக மிதித்து வாருங்கள்.

எங்களுக்கு உறுமி மேளம் அடிக்கிற பையன்கள் வந்தார்கள். முதல் அடி விழுந்தவுடன் பாட்டிமார்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிவிட்டார்கள். வேகமான அடி வேண்டாம், நிதானமான நடையை வாசிக்கச் சொல்லுங்கள். துள்ளினால் துணி நகரும், அழுந்தி நடந்தால் மை இறங்கும். பத்து நிமிடம் கழித்து ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பாருங்கள். வெளுத்திருக்கிற இடத்தைக் கரண்டியால் தேய்த்துவிட்டு, பிறகு முழுதாக எடுங்கள். துணியைத் திருப்பிப் பிடிக்கிற அந்த நொடியில் படம் எடுக்க ஒருவரை முன்கூட்டியே நிறுத்திவையுங்கள். எல்லாரும் கையில் மையோடு இருப்பதால் யாரும் கைப்பேசியைத் தொட முடியாது.

படி 9: குழந்தைகள், சாப்பாடு, காசு

10 வயதுக்குக் கீழே உளி கொடுக்காதீர்கள். ஃபோம் தட்டில் பென்சிலால் அழுத்தி வரைந்து அச்செடுக்கட்டும், அதே மகிழ்ச்சி கிடைக்கும். பெரியவர்களுக்கும் ஒரு விதி உண்டு: இரண்டு கையும் உளியின் கூருக்குப் பின்னால். மேசை விளிம்பில் முட்டுக்கொடுக்கிற பலகை ஆளுக்கு ஒன்று இருந்தால் கை முன்னால் போகாது. சாப்பாட்டுக்குத் தனி மேசை, மை மேசைக்கு எட்டாத தூரத்தில்.

செலவுக்கு நாங்கள் ஆளுக்கு மாதம் 10 வெள்ளி (ரிங்கிட்) போடுகிறோம். ஆறு மாதத்தில் 900 வெள்ளி சேரும். பலகை, துணி, மை, இரண்டு வேளைச் சமையல் எல்லாம் அதற்குள் நடத்துகிறோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய சந்தாவை வைத்துத்தான் இந்தச் சுங்கை சிப்புட்டில் பிறந்த அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். எங்களுடையது அதன் பக்கத்தில் வைக்கிற அளவு கிடையாது. ஆனாலும் ஒருவரே மொத்தமாகக் கொடுத்துவிடுவதைவிட எல்லாரும் கொஞ்சம் போடுவதுதான் நல்லது. அப்போதுதான் புதிதாக வருபவரும் இது தன் கூட்டம் என்று பேசுவார்.

வெள்ளிக்கிழமையே வந்துவிடுபவர்களைக் கோலகங்சாருக்கு அழைத்துப் போங்கள். 1877இல் வந்த முதல் கித்தா மரங்களில் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. வரைதாளும் பென்சிலும் கையோடு இருக்கட்டும்.

படி 10: முடிந்த பிறகு

ஞாயிறு மதியம் பரிமாற்றக் கட்டுகளைப் பிரிக்கும்போது அவசரப்படாதீர்கள். 17 குவியல், 15 பேர் மேசையைச் சுற்றி நடந்து ஒவ்வொன்றிலும் ஒரு தாளை வைத்துக்கொண்டே போனால் அரை மணி நேரத்தில் முடியும். தாளுக்குத் தாள் இடையில் கேக் கடையில் கிடைக்கிற எண்ணெய் ஒட்டாத பேக்கிங் தாள். நாளிதழை இடையில் வைத்து வருடக்கணக்கில் விட்டால் அதன் அமிலம் படத்தைப் பழுப்பாக்கும். கட்டோடு ஒரு சிலிக்கா பொட்டலம் வையுங்கள்.

வர முடியாதவர்களின் கட்டை அந்த வாரத்துக்குள்ளேயே அஞ்சலில் அனுப்பிவிடுங்கள். இரண்டு பக்கமும் கெட்டி அட்டை வைத்து, மழையில் நனையாமல் பிளாஸ்டிக்கில் சுற்றி, மேலே மடக்காதீர்கள் என்று மலாயிலும் எழுதுங்கள். துணியைப் பத்து நாளாவது நிழலில் தொங்கவிட்ட பிறகு பள்ளிக்குக் கொடுங்கள். எட்டுப் பலகைகளை எண்ணெய் போட்டுத் துடைத்து, செதுக்கிய முகம் ஒன்றையொன்று தொடாதபடி நிறுத்திவையுங்கள். படுக்கவைத்து அடுக்கினால் இந்தச் சூட்டில் வளைந்துவிடும். பிறகு அடுத்த செய்தித் தாளை எழுத உட்காருங்கள். முதல் பத்தியில் யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று விசாரித்து எழுதுங்கள். அவர்களுடைய கட்டு அதோடு சேர்ந்தே போகட்டும்.